ஸ்கேன்ல கழுத்து கிளீன்னு வந்துருச்சு, அப்புறம் எதுக்கு நெறியை எடுக்கணும்?

கேள்வி, 3 பிப்ரவரி 2024, மாலை 6.15

அம்மாவுக்கு 58 வயசு. இடது காதுக்குக் கீழ கட்டி, எட்டு மாசமா இருக்கு, வலி இல்லாததால விட்டுட்டோம். இப்ப ஊசி வச்சு எடுத்துப் பாத்ததுல பரோட்டிட் உமிழ்நீர் சுரப்பி கேன்சர், மியூக்கோஎபிடெர்மாய்டுங்கிற வகை, ஹை கிரேடு (வேகமா வளர்ற ரகம்) மாதிரி தெரியுதுன்னு எழுதியிருக்காங்க. எம்.ஆர்.ஐ.ல கட்டி 4.3 செ.மீ. கழுத்துல நெறி (நிணநீர் முடிச்சு) எதுவும் இல்லைன்னு ரிப்போர்ட்ல தெளிவா போட்டிருக்கு. ஆனா டாக்டர் கட்டியோட சேத்து கழுத்து நெறியையும் எடுக்கணும்ங்கிறார். இல்லாத ஒண்ணை எதுக்கு எடுக்கணும்? பில் ஏத்துற வேலைன்னு மாமா சொல்றார், எனக்கும் அப்படித்தான் படுது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

3 பிப்ரவரி, இரவு 10.50

தம்பி, எனக்கு இதே இடம், வலது பக்கம், 2019. இதே கேள்வியை நானும் கேட்டேன், "இல்லாத ஒண்ணை"ங்கிற அதே வார்த்தையோட. நாளைக்கு விவரமா எழுதுறேன். இப்ப ஒண்ணு மட்டும். ஸ்கேன்ல தெரியலங்கிறது வேற, இல்லைங்கிறது வேற. ஒரு நெறி ஸ்கேன் கண்ணுக்கு மாட்டணும்னா அது வீங்கியிருக்கணும், இல்ல உள்ள நிறம் மாறியிருக்கணும். அவரை விதை சைஸ்ல நார்மலா உக்காந்திருக்கிற நெறிக்குள்ள ரெண்டு மில்லிமீட்டர் கேன்சர் இருந்தா எம்.ஆர்.ஐ.யும் பாக்காது பெட் ஸ்கேனும் பாக்காது. மைக்ராஸ்கோப் தான் பாக்கும். அதுக்கு முதல்ல அதை வெளிய எடுக்கணும்.

4 பிப்ரவரி, காலை 11.20

சமையல் முடிஞ்சுது, எழுதுறேன்.

எனக்கு காதுக்குக் கீழ உருண்டையா வந்தப்ப எங்க அத்தை (மாமியார்) பாத்துட்டு பொன்னுக்கு வீங்கின்னு சொல்லி அவங்க ரெட்டை வடம் செயினைக் கழட்டி என் கழுத்துல போட்டுட்டாங்க. தங்கம் போட்டா வீக்கம் வத்தும்னு எங்க ஊர்ப்பக்கம் வழக்கம். இடம் ஒண்ணும் தப்பு இல்ல, பொன்னுக்கு வீங்கி வீங்குறதும் இதே பரோட்டிட் சுரப்பி தான். ஆனா அது காய்ச்சலோட வரும், வலிக்கும், பத்து நாள்ல போயிரும். இது காய்ச்சல் இல்லாம, வலி இல்லாம, கல்லு மாதிரி, நாலு மாசம் இருந்துச்சு. நாலு மாசமும் செயின் என் கழுத்துல. அதுல எனக்கு வருத்தம் இல்லைன்னு வச்சுக்கோங்க.

அப்புறம் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். ஊசி டெஸ்ட் கூட எடுக்காம "சாதாரணக் கட்டி தான்மா, அரை மணி நேர வேலை"ன்னு கட்டியை மட்டும் எடுத்துட்டாங்க. அவங்க அப்படி நினைச்சதுல ஒரு நியாயம் உண்டு, பரோட்டிட்ல வர்ற கட்டியில பெரும்பாலானது கேன்சரே இல்ல, நாலுல மூணு சாதுக் கட்டி. நாக்குக்கு அடியில, அண்ணத்துல இருக்கிற சின்னச் சின்ன சுரப்பியில வந்தா தான் கேன்சரா இருக்க வாய்ப்பு கூட. சுரப்பி சின்னதாக ஆக ஆபத்து பெருசு, அப்படி ஞாபகம் வச்சுக்கலாம். ஆனா நான் அந்த நாலாவது ஆளு. பயாப்ஸி வந்தப்ப ஹை கிரேடு, ஓரத்துல மிச்சம் இருக்குன்னு போட்டிருந்துச்சு. திரும்ப இன்னொரு இடத்துல, கேன்சர் சர்ஜன்கிட்ட, ரெண்டாவது தடவை அறுத்து சுரப்பி முழுசும் எடுத்து, கூடவே கழுத்து நெறியும் எடுத்தாங்க. 31 நெறி எடுத்தாங்க, அதுல கழுத்துல 2-ல கேன்சர் இருந்துச்சு. ஸ்கேன் கிளீன்.

உங்கம்மாவுக்கு முன்னாடியே ஊசி டெஸ்ட் எடுத்துட்டாங்க பாருங்க, நீங்க என்னை விட ஒரு ஆபரேஷன் லாபத்துல இருக்கீங்க.

4 பிப்ரவரி, மாலை 4.05

"ரெண்டு பேர் கதையை வச்சு முடிவு பண்ண முடியாது, கணக்கு இருக்கா"ன்னு மேல ஒருத்தர் கேட்டிருக்கார். இருக்கு. எங்க டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் பேப்பருக்குப் பின்னாடி எழுதிக் காமிச்சது, அப்புறம் நானே தேடிப் படிச்சேன்.

நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்ல 1939-லேர்ந்து 1982 வரைக்கும் பெரிய உமிழ்நீர் சுரப்பி கேன்சரோட வந்த 474 பேர் கணக்கை 1992-ல வெளியிட்டாங்க. வரும்போதே கழுத்துல நெறி தட்டுப்பட்டவங்க 67 பேர், அவங்களுக்கு எடுக்கணும்ங்கிறதுல யாருக்கும் சண்டை இல்ல. மிச்சம் 407 பேர் உங்கம்மா மாதிரி, கழுத்து கிளீன். அதுல 47 பேருக்கு ஒளிஞ்சு இருந்துச்சு. நூத்துக்கு 12. இதை மட்டும் பாத்தா உங்க மாமா சொல்றது சரின்னு கூட தோணும், 12-க்காக மிச்ச 88 பேரையும் அறுக்கணுமான்னு. ஆனா பிரிச்சுப் பாருங்க. கட்டி 4 செ.மீ.யும் அதுக்கு மேலயும் இருந்தா நூத்துக்கு 20, அதுக்குக் கீழ இருந்தா 4. ஹை கிரேடுக்கு 49, மத்தவங்களுக்கு 7.

49. கிட்டத்தட்ட காசு சுண்டிப் போடுற மாதிரி. பூ விழுந்தா உள்ள இருக்கு, தலை விழுந்தா இல்ல. உங்கம்மாவுக்கு 4.3 செ.மீ., கூடவே ஹை கிரேடு, ரெண்டு சீட்டும் கையில இருக்கு. அமெரிக்க கேன்சர் டாக்டர்கள் சங்கம், ஆஸ்கோன்னு சொல்றது, அது 2021-ல போட்ட வழிகாட்டியிலயும் பெரிய கட்டி (டி3, டி4), ஹை கிரேடு, இந்த ரெண்டுக்கும் நெறி தெரியலன்னாலும் கழுத்தைக் கவனிக்கணும்னு தான் இருக்கு. 4 செ.மீ. தாண்டினாலே டி3.

4 பிப்ரவரி, இரவு 9.30

திருத்தம். ஃபைலை எடுத்துப் பாத்தேன், காலையில ஞாபகத்துல எழுதினது தப்பு. கேன்சர் இருந்த ரெண்டு நெறியில ஒண்ணு தான் கழுத்துல. இன்னொண்ணு பரோட்டிட்டுக்கு உள்ளயே இருந்த நெறி.

சுரப்பிக்குள்ள எப்படி நெறின்னு நானும் முழிச்சேன். கருவுல சுரப்பி உண்டாகும்போது பரோட்டிட் தனக்கு உறை போட்டுக்க லேட் பண்ணுதாம், அதுக்குள்ள அக்கம்பக்கத்து நெறியெல்லாம் உள்ள வந்து உக்காந்துருது, கடைசியில வெச்சு மூடிருது. தாடைக்குக் கீழ இருக்கிற சுரப்பி அப்படி இல்ல, நெறியெல்லாம் வெளிய தான். அதனால பரோட்டிட் கேன்சருக்கு முதல் ஸ்டாப் வீட்டுக்குள்ளயே இருக்கு, அடுத்த ஸ்டாப் காதுக்குக் கீழ கழுத்தோட மேல் பகுதி. எனக்கு ரெண்டாவது ஸ்டாப் வரைக்கும் போயிருச்சு.

ரிப்போர்ட்ல இன்னொரு வரியும் பாருங்க, நெறியோட உறை உடைஞ்சு வெளிய வந்திருக்கான்னு. உடைஞ்சிருந்தா ஸ்டேஜ் ஏறும். எனக்கு உடையல.

6 பிப்ரவரி, மதியம் 2.10

தம்பி மெசேஜ்ல கேட்டது: கழுத்தையே காலி பண்ணிடுவாங்களா?

அந்தக் காலத்துல அப்படித்தான். 1906-ல அமெரிக்காவுல ஜார்ஜ் கிரைல்னு ஒரு சர்ஜன் 132 ஆபரேஷன் பண்ணி கழுத்து நெறியை மொத்தமா வழிச்செடுக்கிற முறையை எழுதினார், நெறியோட சேத்து கழுத்துப் பக்கத் தசை, பெரிய ரத்தக்குழாய், தோளுக்குப் போற நரம்பு எல்லாம் போச்சு. ஆள் பொழைச்சாலும் தோள் தொங்கிரும். 1960-கள்ல அர்ஜென்டினாவோட சுவாரெஸ், இத்தாலியில போக்கா, இவங்க தான் தசையையும் நரம்பையும் விட்டுட்டு நெறி இருக்கிற கொழுப்பை மட்டும் போர்வையை உருவுற மாதிரி உருவலாம்னு காட்டினாங்க.

இப்ப கழுத்தோட பக்கவாட்டை ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் லெவல் போட்டு வச்சிருக்காங்க. நெறி தெரியாத பரோட்டிட்டுக்கு பொதுவா 2, 3, 4. தாடைக்குக் கீழ சுரப்பின்னா 1, 2, 3. டாக்டர்கிட்ட "எந்த லெவல் எடுப்பீங்க"ன்னு கேளுங்க, நீங்க படிச்சிட்டு வந்திருக்கீங்கன்னு அவர் உக்காந்து பேசுவார். எனக்கு அப்படி நடந்துச்சு. இன்னொருத்தர் கோவிச்சுக்கிட்டார், அவர்கிட்ட நான் திரும்பப் போகல.

முக நரம்பையும் கேளுங்க. அது பரோட்டிட்டுக்கு நடுவுல பூந்து அஞ்சு கிளையா விரியுது, வாழைச்சீப்பு மாதிரி. ஆபரேஷனுக்கு முன்னாடி முகம் ஒழுங்கா அசையுதுன்னா, கேன்சர் நரம்பைச் சுத்திப் பிடிக்காத வரைக்கும் அதைக் காப்பாத்தத்தான் பாப்பாங்க.

6 பிப்ரவரி, இரவு 8.45

ஊசி குத்துனதால தான் பரவுதுன்னு ஒருத்தர் கீழ எழுதியிருக்கார். இல்லங்க. ஊசி டெஸ்ட்டுக்கு அந்தப் பயம் வேண்டாம். கத்தி வச்சு கட்டியில ஒரு துண்டு மட்டும் வெட்டி எடுக்கிறது, கட்டியை உடைச்சு எடுக்கிறது, அதுல தான் சிதறுற பயம் உண்டு. என் முதல் ஆபரேஷனை நினைச்சு இன்னைக்கும் எனக்கு வயித்தைக் கலக்கும்.

ஆனா ஊசி டெஸ்ட்ல கிரேடு சொல்றதை அப்படியே வேதவாக்கா எடுத்துக்க முடியாது. கடைசி வார்த்தை முழு பயாப்ஸி தான். அதனால ஆபரேஷன் நடக்கும்போதே ஒரு துண்டை உறைய வச்சு பாத்துட்டு கழுத்தை முடிவு பண்றவங்களும் இருக்காங்க.

9 பிப்ரவரி, மாலை 5.30

"புகையிலை போடாத பொம்பளைக்கு எப்படி வரும்"னு ஒரு கேள்வி. இதை என் சொந்தக்காரங்க கல்யாண வீட்ல வச்சே கேட்டிருக்காங்க.

அமெரிக்க பேஸ்பால்ல டோனி க்வின்னு ஒரு பேட்ஸ்மேன், சான் டியாகோ அணி, 3,141 ஹிட். நம்மூர் கணக்குல சொன்னா டிராவிட் மாதிரி பொறுமைசாலின்னு வச்சுக்கலாம். அவருக்கு பரோட்டிட் கேன்சர்னு 2010-ல தெரிஞ்சுது, 2014-ல 54 வயசுல போயிட்டார். ஆடுற காலம் பூரா கன்னத்துல புகையிலை அடக்கி வச்சதால தான் வந்துச்சுன்னு அவரே நம்பினார். ஆனா வாய்ப்புற்றுக்கும் புகையிலைக்கும் இருக்கிற மாதிரி நிரூபணம் பரோட்டிட் கேன்சருக்கு இல்ல. நல்லா நிரூபிச்சது கதிர்வீச்சு தான், ஹிரோஷிமா நாகசாகியில பொழைச்சவங்களுக்கு உமிழ்நீர் சுரப்பிக் கட்டி கூடுதலா வந்துச்சு, அதுலயும் என்னோடது, மியூக்கோஎபிடெர்மாய்டு. நான் ரெண்டு ஊருக்கும் போனதில்ல. அதனால எனக்கு ஏன் வந்துச்சுன்னு தெரியாது, கல்யாண வீட்ல கேட்டவங்களுக்கும் அதே பதில் தான்.

அதுக்காக புகையிலை போடுங்கன்னு சொல்லல!

இன்னொருத்தர், பீஸ்டி பாய்ஸ்ங்கிற ராப் குழுவோட ஆடம் யாவுக். 2009-ல வீடியோ போட்டு பரோட்டிட்ல கேன்சர், பக்கத்து நெறி ஒண்ணுலயும் இருக்குன்னு சாதாரணமா சொன்னார். 2012 மே மாசம் 47 வயசுல இறந்துட்டார். என் பையன் தான் காமிச்சான். அன்னைக்கு ராத்திரி தூங்கல. இதை ஏன் இங்க எழுதுறேன்னு எனக்கே தெரியல, உங்கம்மாகிட்ட காமிக்காதீங்க.

10 பிப்ரவரி, காலை 7.00

நேத்து எழுதினதை அழிச்சிரலாமான்னு யோசிச்சேன். வேண்டாம், இருக்கட்டும்.

17 பிப்ரவரி, மதியம் 12.40

தம்பி 22-ம் தேதி ஆபரேஷன்னு சொல்லிட்டார். அப்ப வலி, பக்க விளைவு பத்தி எழுதிடுறேன், டாக்டர்கள் இதை ஒரு வரியில முடிச்சிருவாங்க.

கழுத்துல ஒரு குழாய் விட்டு, ஆர்மோனியத் துருத்தி மாதிரி ஒரு டப்பாவுல ரத்தத் தண்ணி இறங்கும். நான் அதை மஞ்சப்பையில போட்டுக்கிட்டு வார்டுல நடப்பேன், காய்கறி வாங்கப் போற மாதிரி. தண்ணி நல்லா குறைஞ்சதும் உருவுவாங்க. உங்கம்மாவுக்கு இடது பக்கம், அதனால ஒண்ணு கவனிங்க: சாப்பிட ஆரம்பிச்சதும் டப்பாவுல தண்ணி பால் மாதிரி வெள்ளையா மாறினா உடனே நர்ஸ்கிட்ட சொல்லுங்க. சாப்பாட்டுக் கொழுப்பைக் கொண்டுபோற குழாய் இடது கழுத்து அடியில தான் வந்து சேருது, அதுல கசிவு இருந்தா அப்படி வரும். அடிக்கடி நடக்காது, நடந்தா எண்ணெய் நெய் இல்லாத சாப்பாட்டுல வச்சுப் பாப்பாங்க.

உதடு. கீழ் உதட்டுக்குப் போற கிளை எனக்கு அசந்து போச்சு, மூணு மாசம். டம்ளரை வாயில வச்சா காபி ஓரத்துல வழியும். சரி நம்ம வழக்கப்படி அண்ணாந்து குடிப்போம்னா கழுத்து வளையாது. வாய் வச்சும் குடிக்க முடியல, அண்ணாந்தும் முடியல, ஸ்பூன்ல காபி குடிச்ச ஒரே ஆளு எங்க தெருவுல நான் தான். அப்புறம் சரியாயிருச்சு. சிரிச்சா மட்டும் லேசா கோணும், போட்டோல தான் தெரியும்.

தோள். நரம்பை வெட்டல, ஆனா இழுத்ததுலயே அது சோர்ந்து போகும். கொடியில துணி காயப்போட முடியல. சுவர்ல விரலை எறும்பு மாதிரி ஏத்தச் சொன்னாங்க, தினம் எவ்வளவு ஏறுதோ அங்க பென்சில் கோடு. அடுக்களைச் சுவர்ல அந்தக் கோடெல்லாம் இன்னும் இருக்கு, வெள்ளையடிக்க விடல. இந்தப் பயிற்சியை சோம்பேறித்தனமா விட்டா தோள் இறுகிரும், அம்மாவை விரட்டுங்க.

அப்புறம் கரண்ட், அதான் கதிர்வீச்சு சிகிச்சை. எனக்கு 30 தடவை வச்சாங்க, ஆறு வாரம், முகத்துக்கு மாஸ்க் போட்டு. நெறி எடுக்காம அந்தக் கரண்டையே கழுத்துக்கும் வச்சிரலாமேன்னு கேட்டா அதுவும் ஒரு வழி தான், அப்படிச் செய்றவங்களும் உண்டு. ஆனா எத்தனை நெறியில இருந்துச்சுன்னு கையில ரிப்போர்ட் இருக்காது.

செலவுக்கு முதல்வர் காப்பீட்டு கார்டு இருக்கான்னு பாருங்க, அட்மிஷனுக்கு முன்னாடியே கொடுக்கணும்.

17 பிப்ரவரி, இரவு 10.15

ரெண்டு விட்டுப்போச்சு, ரெண்டும் வேடிக்கை.

ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம் இருக்கும், மாங்கா ஊறுகாய் வாயில வச்சதும் வலது கன்னத்துல பொட்டுப் பொட்டா வேர்வை. உறைப்புக்கு வேர்க்கிறது எல்லாருக்கும் தான், எனக்கு ஒரு பக்கம் மட்டும். எச்சில் சுரக்கச் சொல்லிப் போற நரம்பு, சுரப்பி இல்லாம அநாதையா நின்னு, திரும்ப வளரும்போது தோலோட வேர்வைச் சுரப்பியில போய் ஒட்டிக்குதாம். சாப்பாட்டைப் பாத்து மூளை "எச்சில் ஊறு"ன்னா கன்னம் வேர்க்குது. தபால் மாறிப்போன கதை. இதுக்கு ஃப்ரே சிண்ட்ரோம்னு பேர். லூசியா ஃப்ரேன்னு போலந்துக்கார நரம்பு டாக்டரம்மா, 1923-ல குண்டடி பட்ட ஒருத்தருக்கு இப்படி வேர்க்கிறதைப் பாத்து விளக்கினாங்க. யூதப் பொண்ணு, 1942-ல லுவோவ் நகரத்துல நாஜிகள் காலத்துல கொல்லப்பட்டாங்க. நான் ஊறுகாய் சாப்பிடும்போதெல்லாம் அவங்க ஞாபகம் வரும், இது என்ன ஞாபகமோ. ரொம்ப தொல்லைன்னா போடாக்ஸ் ஊசி இருக்கு, நான் கர்ச்சீஃப்போட சமாளிக்கிறேன்.

இன்னொண்ணு காது மடல். அங்க உணர்ச்சி தர்ற நரம்பு ஆபரேஷன் பாதையிலயே இருக்கு, எனக்குப் போயிருச்சு. மடலைத் தொட்டா யாரோ அடுத்தவங்க காது மாதிரி இருக்கும். பஸ்ல போறப்ப தோடு திருகாணி கழண்டு விழுந்ததே தெரியல, ஏழு கல்லு தோடு, வீட்டுக்கு வந்து கண்ணாடி பாத்தப்புறம் தான் தெரிஞ்சுது. கேன்சருக்கு அழாதவ அன்னைக்கு அழுதேன்.

20 பிப்ரவரி, காலை 10.00

ஒரு அக்கா தன் தம்பிக்கு அண்ணத்துல அடினாய்டு சிஸ்டிக்ங்கிற வகை கேன்சர்னு வந்திருக்கு, அவனுக்கும் நெறி எடுக்கணுமான்னு கேட்டிருக்காங்க. நான் மேல எழுதினதை அப்படியே அவருக்குப் பொருத்தாதீங்க. அது வேற ஜாதி. நெறிக்குப் போறது பொதுவா குறைவு, நரம்பு ஓரமா ஊர்ந்து போகும், பல வருஷம் கழிச்சு நுரையீரல்ல தலை காட்டும். பத்து வருஷம் தாண்டியும் செக்கப் விடக்கூடாது. இன்னொரு கோடியில சலைவரி டக்ட் கார்சினோமான்னு ஒண்ணு, அது நெறிக்குத்தான் முதல்ல ஓடும். உமிழ்நீர் சுரப்பி கேன்சர்ங்கிறது ஒரே பேர் போட்ட பத்து இருபது வியாதி. லோ கிரேடு, சின்னக் கட்டி, ஸ்கேன் கிளீன்னா கழுத்தைத் தொடாம விடறதும் சரியான வைத்தியம் தான். 3-ம் தேதி நான் எழுதின வேகத்துல எல்லாரும் எடுத்தே ஆகணும்ங்கிற மாதிரி ஆயிருச்சு, அது தப்பு.

11 மார்ச், இரவு 9.20

தம்பி போட்டதைப் படிச்சேன். 26 நெறி எடுத்து ஒண்ணுலயும் இல்ல. "அப்ப சும்மா தானக்கா வெட்டினாங்க, மாமா சொன்னது தான் சரி"ன்னு எழுதியிருக்கீங்க.

நான் ஒரு மணி நேரமா எழுதி எழுதி அழிக்கிறேன். காசு சுண்டினதுல தலை விழுந்துச்சு, அவ்வளவு தான், சுண்டுறதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாதுன்னு எழுதலாம். 26 எடுத்து 0-ன்னு எழுத்துல வந்த கழுத்துக்கும், ஸ்கேன் கிளீன்னு சொன்ன கழுத்துக்கும் வித்தியாசம் உண்டு, கரண்ட் எங்க எவ்வளவு வைக்கணும்ங்கிறதே இதை வச்சு மாறலாம்னும் எழுதலாம். எல்லாம் உண்மை தான். ஆனா எனக்கு அன்னைக்கு 31-ல பூஜ்யம்னு வந்திருந்தா, தொங்குற உதட்டோட நான் இவ்வளவு நியாயம் பேசியிருப்பேனான்னு சத்தியமா தெரியல. உங்க கோவம் எனக்குப் புரியுது. அம்மாவோட தோள் உங்க தோள் இல்ல, அவங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க, அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு.

12 மார்ச், காலை 8.05

அம்மா என்ன சொன்னாங்கன்னு படிச்சேன், "ஒண்ணும் இல்லைன்னு வந்ததுக்கு எவனாச்சும் கோவப்படுவானா, போய் ஸ்வீட் வாங்கிட்டு வா"ன்னு. உங்க வீட்ல எனக்குப் பிடிச்ச ஆளு அவங்க தான்.

ஸ்வீட் வாங்கப் போறப்ப அப்படியே நகைக்கடையில இடது காது தோட்டுக்கு நல்ல மரை போட்ட புது திருகாணி மாத்திருங்க. ராத்திரி படுக்கும்போது அவங்க கையால தொட்டுப் பாத்தா போதாது, மடல் மரத்திருக்கும், நீங்க பாத்து முடுக்கி விடுங்க.